மாப்ளைக்கு வயித்து ஆப்பரேசன்



பொங்கல் முடிஞ்சு ஒரம்பரையெல்லாம் கிளம்பியாச்சு. மஞ்சள் வெட்டுக்கு இன்னும் 15, 20 நாள் கிடக்குது. ஆள் சொல்லி வெச்சிருக்கேன், வருவாங்களான்னு அன்னைக்குத்தான் தெரியும். கைக்கு வேலை இல்லாத இந்த நாள்ல, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒண்ணை எழுதிடறேன். இது வெள்ளாமைச் சமாச்சாரம் இல்லைங்க. எங்க அக்கா பையனைப் பத்தினது. அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் போட்றாதீங்க"ன்னான். அதனால மாப்ளன்னே எழுதறேன். நான் கூப்பிடறதும் அப்படித்தான்.

மாப்ள பொறந்தப்பவே 4 கிலோ 200. அக்காவுக்கு அப்பக் கர்ப்பத்துல சக்கரை இருந்துச்சு. பாக்க வந்தவங்க எல்லாம் "ஆறு மாசக் குழந்தையாட்ட இருக்குது"ன்னாங்க. எங்கம்மாவுக்குப் பெருமை தாங்கல. நாலு வயசுல அவனைத் தூக்கி இடுப்புல வெச்சுக்க முடியாது. அப்பவும் கண்ணு பட்டுரும்னு சுத்திப் போட்டதுதான் நடந்துச்சே தவிர, யாருக்கும் வேற நினைப்பு வரல. எனக்கும் வரல. நம்ம ஊர்ல ஒல்லியா இருக்கற குழந்தைக்குத்தானே வைத்தியம் தேடறது.

ஆறாவது ஏழாவது வந்தப்ப அதே வாய் வேற மாதிரி பேச ஆரம்பிச்சுது. "என்னத்தத் தின்னு இப்படி ஊதிக் கிடக்கறான்?" கல்யாண வீட்டுப் பந்தியில அவன் இலையை நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. ரெண்டாந்தரம் சோறு கேட்டா ஒரு சிரிப்பு. கேக்கலைன்னா "ஏன், வீட்லயே முடிச்சுட்டு வந்தாச்சா"ன்னு இன்னொரு சிரிப்பு. நானே ஒரு சீர்ல அவனைப் பானைன்னு கூப்பிட்டிருக்கேன். அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சதனால அது தமாசுன்னு நினைச்சுக்கிட்டேன்.

கழுத்து விசயம் ஒண்ணு சொல்லணும். அவனுக்குப் பின்கழுத்துலயும் கக்கத்துலயும் தோல் கறுப்பா, வெல்வெட்டுத் துணியாட்டத் தடிச்சிருக்கும். நாங்க எல்லாரும் அழுக்குன்னுதான் நினைச்சோம். அக்கா எலுமிச்சம்பழத் தோலு, கடலைமாவு எல்லாம் போட்டுத் தேய்ப்பா. தோட்டத்துக்கு வந்தா தண்ணித் தொட்டிகிட்ட நிக்க வெச்சு, பீர்க்கங்காய் நாரால நானே தேய்ச்சு விட்டிருக்கேன். "கழுத்தை ஒழுங்காத் தேய்ச்சுக் குளிடா, வயசுப் பையன்"னு திட்டிக்கிட்டே தேய்ச்சேன். தோல் சிவந்து கன்னிப்போகும், கறுப்பு போகாது. அது அழுக்கு இல்லைங்க. ரத்தத்துல இன்சுலின் எச்சா ஓடறதுக்கு உடம்பு காட்டற அடையாளம். பின்னால கோயமுத்தூர் டாக்டரம்மா, அவன் உள்ள போய் உக்காந்ததும் மொதல்ல கழுத்தைத்தான் பாத்தாங்க. "இது எத்தனை வருசமா இருக்கு?"ன்னு கேட்டாங்க. அக்கா என்னைப் பாத்தா. நான் கீழ பாத்துக்கிட்டேன்.

2022 தை மாசம். அவனுக்கு 15 வயசு. வீட்டுல இருந்த முள்ளுத் தராசு 120-ல போய் முட்டி நின்னுக்கிச்சு, அதுக்கு மேல அதுல எண் இல்லை. அப்ப காங்கேயம் ரோட்டுல தெரிஞ்சவரு கொப்பரைக் களத்துக்கு நான் காய் கொண்டுபோற வேலை இருந்துச்சு. "வாடா மாப்ள, அங்க எலக்ட்ரானிக் தராசு இருக்குது, பாத்துறலாம்"னு கூட்டிட்டுப் போனேன். மூட்டை போடற இரும்புத் தட்டு மேல ஏறி நின்னான். 128. மூட்டை தைச்சுக்கிட்டிருந்த ஆளுங்க கையை நிறுத்திட்டுப் பாத்தாங்க. "ரெண்டரை மூட்டைங்கோ"ன்னு ஒருத்தன் சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. கொப்பரை மூட்டை 50 கிலோ, கணக்கு சரிதான். வண்டியில வரும்போது அவன் ஒரு வார்த்தை பேசல. வீட்டு வாசல்ல இறங்கறப்ப "இனி அங்கெல்லாம் கூட்டிட்டுப் போகாதீங்க மாமா"ன்னான். அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் பண்ணாத வைத்தியம் இல்லை. கொள்ளு ரசம், வாழைத்தண்டுச் சாறு, வெந்நியில தேன். ஈரோட்டுல ஒரு டயட்டீசியன். அந்தம்மா நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. பையனும் கட்டுப்பாடா இருந்தான். ஆறு மாசத்துல 9 கிலோ குறைஞ்சுது, ஊரே பாராட்டுச்சு. அடுத்த ஆறு மாசத்துல 15 கிலோ ஏறுச்சு. "வாயைக் கட்ட முடியல அவனுக்கு"ன்னு முடிச்சுக்கிட்டாங்க. நானும் அதையேதான் சொன்னேன்.

அரைப்பரீட்சை லீவுல "எங்கிட்ட விடுக்கா, பத்து நாள்ல பத்துக் கிலோ குறைச்சுக் காட்டறேன்"னு வீறாப்பாக் கூட்டிட்டு வந்தேன். காலையில அஞ்சரைக்கு எழுப்பி மம்முட்டியைக் கையில குடுத்து மஞ்சளுக்குத் தண்ணி கட்ட விட்டேன். மூணாம் நாள் ரெண்டு முட்டியும் வீங்கிப்போச்சு. ஆனா என்னைப் பயமுறுத்துனது முட்டி இல்லைங்க, ராத்திரி. சாலையில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தோம். பயங்கரக் குறட்டை. திடீர்னு குறட்டை நின்னுபோகும். சரி, தூங்கிட்டான்னு பாத்தா மூச்சே இல்லை. மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன், 20 வரைக்கும் எண்ணியாச்சு. அப்புறம் தண்ணியில முங்கி எந்திரிச்சவனாட்ட ஒரு இழுப்பு இழுத்து மறுபடியும் குறட்டை. இப்படியே விடிய விடிய. பள்ளிக்கூடத்துல கிளாஸ்ல தூங்கறான், சோம்பேறின்னு வாத்தியார் எழுதி அனுப்புனதெல்லாம் அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ராத்திரியெல்லாம் மூச்சுக்குப் போராடுனவன் பகல்ல தூங்காம என்ன பண்ணுவான்? விடிஞ்சதும் அக்காவுக்குப் போன் போட்டேன். குறைச்சுக் காட்டறேன்னு சொன்ன பத்துக் கிலோவைப் பத்தி ரெண்டு பேருமே பேசல.

இடையில ஒண்ணு. எங்கிட்ட நாலு கறவை மாடு இருக்குது. ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோன்னு தீவனம் அளந்துதான் போடறேன். ஒரே கொட்டகை, ஒரே தட்டு, ஒரே தண்ணி. அதுல ஒண்ணு தின்னதையெல்லாம் பாலாக்கும். இன்னொண்ணு பாலைக் குறைச்சுட்டு உடம்புல ஏத்திக்கும், முதுகு பலகையாட்ட ஆயிரும். அந்த மாட்டை நான் ஒருநாளும் 'வாயைக் கட்டத் தெரியாதது'ன்னு சொன்னதில்லை. அதோட வாகு அப்படின்னு விட்டுடுவேன். மனுசப் பையனுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் எனக்குத் தோணலைன்னு தெரியல.

2023 மொதல்ல கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை 134, உயரம் 168 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை பாக்கற கணக்குல (பி.எம்.ஐ.ங்கறாங்க) 47க்கு மேல. மூணு மாசச் சக்கரைன்னு பாக்கறது 8.1. ஈரல்ல கொழுப்பு, ரத்தக் கொதிப்பு. ராத்திரி ஒயரெல்லாம் மாட்டித் தூங்க வெச்சுப் பாத்துட்டு, மூக்குல மாட்டற காத்து மெசின் ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க. 16 வயசுப் பையன், எங்கப்பாரு 70 வயசுல வாங்குன சீக்கையெல்லாம் ஒண்ணா வாங்கி வெச்சிருந்தான்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாள்ல வயித்தை வரைஞ்சு காட்டுனாங்க. வளைஞ்சு தொங்கற பெரிய பக்கத்தை நீட்டுவாக்குல வெட்டித் தையல் போட்டு எடுத்துருவாங்களாம். முக்கால் பங்கு வயிறுக்கும் மேல வெளிய வந்துரும். மிச்சம் இருக்கறது வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாய். ஸ்லீவ்ங்கறாங்க. வயித்தை முழுசாக் கிழிக்கறதில்லை, அஞ்சு சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்றது. ஆனா எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. "இது வயித்தைச் சின்னதாக்கறது மட்டும் இல்லைங்க. பசியைக் கிளப்பற ஒரு ஹார்மோன், கிரெலின்னு பேரு, அது எச்சாச் சுரக்கற இடமே இந்த வெட்டற பக்கத்துலதான் இருக்கு"ன்னாங்க. டயட்டு இருந்து எடை குறைஞ்சா உடம்பு பஞ்சம் வந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டு, பசியை ஏத்திச் செலவைக் குறைச்சுக்குமாம். குறைஞ்ச 9 கிலோ 15ஆத் திரும்பி வந்தது அதனாலதான்னாங்க. மாப்ள தலையைத் தூக்கி அந்தம்மாவைப் பாத்தான். இத்தனை வருசத்துல யாரோ ஒருத்தரு அவன் பக்கமாப் பேசுனது அன்னைக்குத்தான்.

அப்புறம் ஆரம்பிச்சுது வீட்டுச் சண்டை. மச்சான் ஒரே பிடி. "நல்லா இருக்கற வயித்தை எதுக்கு அறுக்கோணும்? புண்ணு வந்திருக்குதா, கட்டி வந்திருக்குதா? வளர்ற பையன். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" அவரு அம்மாவுக்கு, நாளைக்குப் பொண்ணு யாரு குடுப்பாங்கங்கற கவலை. எங்கம்மாவுக்கு ஆப்பரேசன்னாலே எங்க சிவலை மாட்டு ஞாபகம். பத்து வருசத்துக்கு முன்னால அது வயித்தைத் திறந்து ஒரு சாக்கு பிளாஸ்டிக் எடுத்தாங்க. "மாட்டுக்குப் பண்ணுன மாதிரியாடா என்ற பேரனுக்குப் பண்ணப் போறீங்க?"ன்னு அழுதுச்சு. நானும் ஆரம்பத்துல மச்சான் பக்கம்தான். ஊசி ஏதோ இருக்குதாமேன்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல 12 வயசுக்கு மேல ஒரு வார ஊசிக்கு அனுமதி குடுத்தாங்களாம். அப்ப நம்ம நாட்டுல அது விக்கல. நிறுத்துனா எடை திரும்பி வரும்னும் சொன்னாங்க.

எங்க பாப்பா நர்சிங் படிக்குது. அதுதான் தேடிப் படிச்சுச் சொல்லுச்சு. அமெரிக்காவுல இந்த மாதிரி ஆப்பரேசன் பண்ணுன 242 சின்னப் பசங்களைப் பல வருசம் பின்தொடர்ந்து பாத்திருக்காங்க, 2016ல எழுதியிருக்காங்க. மூணு வருசத்துல சராசரியா 27 சதவீத எடை குறைஞ்சிருக்குது. சக்கரை இருந்த பசங்கள்ல 95 சதவீதம் பேருக்கு அது அடங்கிருச்சு. இதைக் கேட்டதும் அக்கா கண்ணு துடைச்சுக்கிட்டா. "அத்தை, மிச்சத்தையும் கேளுங்க"ன்னு பாப்பா விடல. அதே பசங்கள்ல பாதிக்கு மேல, 57 சதவீதம் பேருக்கு, உடம்புல இரும்புச் சத்து இருப்பு குறைஞ்சுபோச்சு. 13 சதவீதம் பேருக்கு வயித்துல மறுபடியும் ஏதோ ஒரு ஆப்பரேசன் தேவைப்பட்டிருக்கு. சுவீடன்ல வேற வகை ஆப்பரேசன் பண்ணுன 81 பசங்கள்ல அஞ்சு வருசத்துல நாலுல ஒருத்தருக்கு மறு ஆப்பரேசன். 2019ல வந்த இன்னொரு கணக்கு: பெரியவங்களுக்குப் பண்றதை விடச் சின்ன வயசுல பண்ணுனா சக்கரை அடங்கறது எச்சா, 100க்கு 86, பெரியவங்களுக்கு 53. இதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். 'வயசாகட்டும், பொறவு பாக்கலாம்'னு தள்ளறது பத்திரமான பக்கம்னு நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். சக்கரை அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்காது. அந்த வருசம் ஜனவரியிலதான் அமெரிக்கக் குழந்தை டாக்டருங்க சங்கம், 13 வயசுக்கு மேல கடுமையான உடல் பருமன் இருந்தா ஆப்பரேசனுக்கும் அனுப்பிப் பாக்கணும்னு வழிமுறை போட்டிருந்தாங்க.

காசு விசயம். மச்சான் வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. கேட்டா முடியாதுன்னுட்டாங்க. பாலிசிப் புத்தகத்துல பொடி எழுத்துல இருக்குது, எடை குறைக்கற ஆப்பரேசன்னா 18 வயசு ஆயிருக்கோணும். இது அந்தக் கம்பெனி விதி மட்டும் இல்லையாம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா 2019ல போட்ட வாசகம். 16 வயசுல வந்த சக்கரைக்கு வயசு தெரியல, என்ன பண்றது. மூணரை லட்சம் ஆகும்னாங்க. மச்சான் தறியை வெச்சுப் புரட்டுனாரு, நானும் இருப்பு வெச்சிருந்த மஞ்சளை வந்த விலைக்குப் போட்டேன்.

ஆனா காசை விடப் பெரிய விசயம் ஒண்ணு. டாக்டரம்மா, அப்பா அம்மா கையெழுத்து மட்டும் பத்தாதுன்னுட்டாங்க. பையன்கிட்டத் தனியாப் பேசணும். எங்களையெல்லாம் வெளிய உக்கார வெச்சுட்டு அவன் மட்டும் முக்கால் மணி நேரம் உள்ள. மனநல ஆலோசகர்கிட்ட வேற மூணு தடவை. யாராவது கட்டாயப்படுத்தறாங்களா, ஆயுசு பூரா மாத்திரை போடணும்னு புரியுதா, இதுல எடை குறைஞ்சாலும் மத்த கஷ்டமெல்லாம் தானாப் போயிறாதுன்னு தெரியுதான்னெல்லாம் கேட்டிருக்காங்க. வரும்போது பெருந்துறைகிட்ட டீ குடிக்க நிறுத்துனோம். மச்சானும் அக்காவும் கார்லயே இருந்தாங்க. அவன் எங்கிட்ட வந்தான்.

"செத்துப் போயிருவனான்னு கேட்டேன் மாமா. ஆயிரத்துல ஒண்ணுக்கும் கீழன்னாங்க."

"பயமா இருக்குதா?"

"இருக்குது. ஆனா இன்னொருக்கா டயட்டுன்னு ஆரம்பிச்சு, குறைஞ்சு, மறுபடி ஏறுனா, அப்ப நீங்க எல்லாரும் என்னையப் பாப்பீங்கல்ல, அது வேண்டாம்."

நீங்க எல்லாரும்னு சொல்லும்போது அவன் என் முகத்தைப் பாக்கல. டீக்குக் காசு குடுத்துட்டு வந்து மச்சான்கிட்டச் சொல்லீட்டேன், "பையன் முடிவு பண்ணிட்டான் மச்சான். நான் அவன்கூட நிக்கறேன்." அவரு வீடு வர்ற வரைக்கும் பேசல. ரெண்டு நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டாரு.

பிளஸ் ஒன் பரீட்சை முடிஞ்சு, மே மாசம் ஆப்பரேசன்னு முடிவாச்சு. அதுக்கு முன்னால ரெண்டு வாரம் வெறும் புரோட்டீன் பவுடர் கரைச்சது, மோரு, காய்ச்சாறுதான். கொழுப்புப் பிடிச்ச ஈரல் கொஞ்சம் சுருங்குனாத்தான் வயித்துகிட்டப் போக முடியுமாம். அந்த ரெண்டு வாரத்துலதான் எங்க ஊர் மாரியம்மன் நோம்பி வந்துச்சு. வீடு நிறைய ஒரம்பரை. கெடா வெட்டு. அவன் திண்ணையில உக்காந்து டம்ளரைப் பிடிச்சிருந்தான். "ஒரு துண்டு கறி தின்னா என்ன ஆயிரும்?"னு கேக்காத ஆள் இல்லை. எங்கிட்ட ஒரு பெரியவரு "ஆப்பரேசன் பண்றது சோம்பேறிங்க வழி, ஓடியாடி வேலை செஞ்சா தானாக் குறையும்"னாரு. அவரு தட்டுல மூணாந்தரம் கறி விழுந்துக்கிட்டிருந்துச்சு. பெரியவங்க, ஒண்ணும் சொல்லல.

ஆப்பரேசன் அன்னைக்கு 129 கிலோ. ஒண்ணரை மணி நேரம்னாங்க, ரெண்டரை மணி நேரம் கழிச்சுத்தான் கூப்பிட்டாங்க. நல்லபடியா முடிஞ்சுது. அன்னைக்கு மச்சான் என்ன நினைச்சாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா என் கையைப் பிடிச்சது விடவே இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சின்னக் கப்புல 30 மில்லி தண்ணி, கால் மணிக்கு ஒரு தடவை. அதையே கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சணும். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு வாரம் தண்ணி மாதிரி ஆகாரம், அப்புறம் அரைச்சது, அப்புறம் குழைஞ்சதுன்னு படிப்படியா. சாப்பிடறப்பத் தண்ணி குடிக்கக் கூடாது. எங்கம்மா பேரனைப் பாக்கப் போச்சு. ஒரு டம்ளர் மோரை முக்கால் மணி நேரம் வெச்சுக் குடிக்கறதைப் பாத்துட்டு அதுக்கு மனசு தாங்கல. 12ஆம் நாள், அக்கா குளிக்கப் போன நேரம் பாத்து ஒரு இட்டிலியைப் பிசைஞ்சு ஊட்டி விட்டுருச்சு. பாட்டி மனசு. அவனும் வேண்டாம்னு சொல்லல. கால் மணி நேரத்துல வாந்தி, நெஞ்சுக்குக் கீழ வலி. தையல் விட்டுப் போயிருச்சோன்னு பதறி ராத்திரியோட ராத்திரி கோயமுத்தூர் ஓடுனோம். மொத வாரங்கள்ல அந்தத் தையல் கசியறதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சல் இருக்குதா, நாடி வேகமா ஓடுதான்னு பாத்து, ஸ்கேன் எடுத்து, ஒண்ணும் இல்லைன்னாங்க. அம்மாவை யாரும் திட்டல. அதுவாவே நாலு நாள் சரியாச் சாப்பிடல.

ரெண்டு மாசம் கழிச்சுத் தோட்டத்துக்கு வந்தான். கிணத்து மேட்டுல உக்காந்திருந்தோம். சும்மா பேசிக்கிட்டிருந்தவன் கேட்டான், "மாமா, நீங்க எல்லாம் இப்படித்தான் இருப்பீங்களா?"

"எப்படிடா?"

"சாப்பிட்டா போதும்னு ஆயிருது. அப்புறம் அடுத்த வேளை வரைக்கும் சோத்து நினைப்பே வர்றதில்லை. தலைக்குள்ள அமைதியா இருக்குது. எல்லாருக்கும் இப்படித்தானா?"

ஆமாங்கறதைத் தவிர என்ன சொல்றது? எனக்கு வயிறு நிறைஞ்சா நிறைஞ்சதுதான். அதை நான் கட்டுப்பாடுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், 50 வருசமா. இந்தப் பையன் பொறந்ததுல இருந்து பசியோடவே பள்ளிக்கூடம் போயி, பசியோடவே பந்தியில உக்காந்து, எல்லாரும் பாக்கறாங்கன்னு பாதியில எந்திரிச்சிருக்கான். அவனை நான் பானைன்னேன். அன்னைக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மோட்டாரு நிறுத்தணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். இதைப் படிச்சா தெரிஞ்சுக்குவான்.

ஒரு வருசத்துல 92 கிலோ. சக்கரை 5.6, மாத்திரை இல்லை. எட்டாம் மாசமே காத்து மெசினை எடுத்தாச்சு. பின்கழுத்துக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துப்போச்சு, ஒரு நாருமில்லை கடலைமாவுமில்லை. பிளஸ் டூ கிளாஸ்ல தூங்கறதில்லைன்னு வாத்தியாரே சொன்னாராம்.

எல்லாம் சுபம்னு எழுத எனக்கும் ஆசைதான். நாலாம் மாசம் கொத்துக் கொத்தா முடி கொட்டுச்சு. எடை சடார்னு குறைஞ்சா அப்படி ஆகும், திரும்ப வந்துரும்னாங்க, வந்துச்சு. வயித்துலயும் கையிலயும் தோல் தொங்குது. சட்டையைக் கழட்டி வாய்க்கால்ல குதிக்கற வயசு, அவன் சட்டையோடதான் குளிக்கறான். முன்ன குண்டுன்னு சட்டையோட குளிச்சான், இப்பத் தோலுக்காக. ஊர்ல இப்பக் கேக்கறது "என்னடா, ஏதாவது சீக்கா?" இன்னும் சில பேரு "காசு குடுத்துக் குறைச்சவன்தானே"ங்கறாங்க.

பெரிய கவலை மாத்திரை. சத்து மாத்திரை, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி, பி12. இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒண்ணாப் போடக்கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். ஆயுசு பூரா. வீட்டுல இருந்த வரைக்கும் அக்கா கையில வெச்சுக்கிட்டு நின்னா. போன ஆடியில கோயமுத்தூர்ல காலேஜ் சேந்தான், ஹாஸ்டல். கூடப் படிக்கற பசங்களுக்கு ஆப்பரேசன் விசயம் தெரியாது. சொல்லவும் பிடிக்கல. அவங்க முன்னால நாலு மாத்திரையைப் பிரிச்சுப் போட வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டான். அக்டோபர்ல ஒரு நாள் லேப்ல நின்னுக்கிட்டிருந்தவன் மயங்கி விழுந்துட்டான். பாத்தா ரத்தத்துல இரும்பு அடிமட்டம். நரம்பு வழியா இரும்பு ஏத்தி அனுப்புனாங்க. பாப்பா படிச்சுச் சொன்ன அந்த 57 எங்க வீட்டுலயும் வந்து உக்காந்துக்கிச்சு.

டாக்டரம்மா கத்தல. "18 வயசுப் பையன் தினமும் மாத்திரை மறக்காம போடுவான்னு நான் என்னைக்குமே நம்பறதில்லைங்க. அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்றேன். வராம விடாதீங்க"ன்னாங்க. பசங்க சேந்து பீரு கீருன்னு போனா, இந்த வயித்துல சாராயம் சட்டுனு ஏறும், அதையும் சொல்லி அனுப்புனாங்க. அவனுக்கு முன்னாலயேதான் சொன்னாங்க. இப்ப 95 கிலோ. மூணு கிலோ ஏறியிருக்குதுன்னு அக்கா பயப்படறா. அந்த அளவு ஏறி நிக்கறது வழக்கம்தான்னாங்க. மச்சான் மட்டும், வருசத்துக்கு ரெண்டு தடவை, "பண்ணாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யாரு கண்டா"ம்பாரு. அது வருத்தமா நிம்மதியான்னு அவர் குரலை வெச்சுச் சொல்ல முடியாது.

யாராவது வீட்டுல இந்த மாதிரிப் பையனோ பிள்ளையோ இருந்தா இதைப் படிச்சுட்டு ஆப்பரேசனுக்கு ஓட வேண்டாமுங்க. எல்லாருக்கும் இது இல்லை. முதல்ல கழுத்தைப் பாருங்க, தூங்கும்போது மூச்சைப் பாருங்க, பாத்துட்டு ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. பந்தியில இலையை எட்டிப் பாக்காதீங்க.

இந்தப் பொங்கலுக்கு மாப்ள நாலு நாள் இங்கதான் இருந்தான். மாட்டுப் பொங்கல் அன்னைக்குப் பட்டியில மாடுகளுக்குக் கயிறு மாத்துனான், கொம்புக்கு வர்ணம் அடிச்சான். பொழுதோட ஏழு மணிக்கு அவன் போன்ல அலாரம் அடிச்சுது. நிறுத்துனான். "என்ன மாப்ள அது?"ன்னு கேட்டேன். "மாத்திரை. அப்புறம் போட்டுக்கறேன் மாமா"ன்னு மறுபடியும் வர்ணத்தைத் தொட்டான். நான் ஒண்ணும் சொல்லாம உள்ள போயி அவன் பையில இருந்த டப்பாவையும் ஒரு டம்ளர் தண்ணியையும் கொண்டுவந்து தொட்டிச் செவுத்து மேல வெச்சேன். கையைத் துடைச்சுக்கிட்டு வந்து ஒண்ணொண்ணாப் போட்டான். பாதி டம்ளர்தான் குடிச்சான். மிச்சத்தை மாட்டுத் தொட்டியில ஊத்திட்டு மறுபடியும் கொம்புக்கு வர்ணம் அடிக்கப் போயிட்டான்.